ஏழாவது நிமிஷத்துப் பேய்

"நூத்தி நாப்பத்து மூணு கார்டு, குருஜி! ஒண்ணுகூடப் பிரயோசனமில்லை."

ஆவுடையப்பன் சார் ரப்பர் பேண்ட் போட்ட விசிட்டிங் கார்டுக் கட்டை மேஜைமேல் பொத்தென்று போட்டார்.

மேஜைக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

அந்தக் கால்களுக்குச் சொந்தக்காரர்தான் குருஜி. பெயர் டெரன்ஸ். வயது இருபத்தொன்பது, ஊர் தூத்துக்குடி, வேலை மெஷின் ரிப்பேர் பார்ப்பது. சிஷ்யருக்கு வயது ஐம்பத்திரண்டு. டாக்டர் பட்டம் வாங்கியவர், கப்பலூரில் எங்கள் மருந்துப் பரிசோதனைக் கூடத்துக்குத் தலைமை அனலிஸ்ட். மெஷின் மக்கர் பண்ணினால் யார் குரு, யார் சிஷ்யர் என்று வயதைப் பார்த்தா முடிவு செய்ய முடியும்?

நான் வாசல் மேஜையில் மாத்திரை டப்பாக்களுக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறவள். பத்தொன்பது வருஷமாக ஒட்டுகிறேன். என்னை எந்த மாநாட்டுக்கும் யாரும் கூப்பிட்டதில்லை. அதனால்தான் உட்கார்ந்து கதை சொல்ல நேரம் இருக்கிறது.

விஷயம் இதுதான்.

மாத்திரையைக் கரைத்து மெஷினில் விட்டால், அதில் என்னென்ன இருக்கிறதோ ஒவ்வொன்றும் திரையில் ஒரு கூம்பாக எழும். அதற்குப் பெயர் பீக். அதற்கு முன்னால், மாத்திரையே போடாமல் வெறும் கரைசலை மட்டும் ஓட்டிப் பார்ப்பார்கள். அதற்குப் பெயர் பிளாங்க். பிளாங்க்கில் கோடு எழுந்திருக்கவே கூடாது. படுத்தே கிடக்க வேண்டும்.

எங்கள் பிளாங்க்கில் ஏழாவது நிமிஷம் ஒன்று எழுந்து நின்றது.

எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. இந்தத் தொழிலில் அதைப் பேய் என்றுதான் சொல்வார்கள். ஆடிட் கடிதம் வந்த வாரத்தில் பிடித்த பேய், ஆறு வாரமாகப் போகவில்லை. இருபதாம் தேதி ஆடிட். பேயோடு மாட்டினால் லைசென்ஸ் போகும், முப்பத்திரண்டு பேருக்கு வேலை போகும்.

ஆவுடையப்பன் சாருக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. "என் கை பட்ட கரைசல்ல கலப்படம்ங்கிற பேச்சே கிடையாது" என்று இருபது வருஷமாக மார்தட்டியவர். கரைசலை வேறு யாரையும் தொடவிட மாட்டார். புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்குச் சுத்தத்தைப் பற்றி இரண்டு மணி நேரம் வகுப்பெடுப்பார். அவர் பிளாங்க்கிலேயே பேய்!

மனுஷர் மாநாட்டிலிருந்து கொண்டுவந்த தலைவலிக்குத் தைல டப்பாவைத் திறந்து நெற்றியில் ஓர் இழு இழுத்துக்கொண்டார்.

"ஐதராபாத் மாநாட்டுல மூணு நாள் இருந்தேன், குருஜி. இந்தத் துறையில எவனெவன் பெரிய ஆளோ அத்தனை பேரையும் பாத்துட்டேன்."

"என்ன பேசினீங்க?" என்றன கால்கள்.

"எங்க லேப்ல எல்லாம் நல்லாப் போகுதுன்னேன்."

"அவங்க?"

"அவங்க லேப்லயும் நல்லாப் போகுதாம்."

"நல்லது. எல்லாரும் நல்லா இருக்கோம்."

திருப்புளி கிறீச்சென்றது. டெரன்ஸ் வெளியே ஊர்ந்து வந்து, எழுந்து, தூசியைத் தட்டினார்.

"மெஷின்ல ஒண்ணும் இல்லை, சார்."

"நீங்க இருக்கும்போது இல்லை! நீங்க படியேறி வர்ற சத்தம் கேட்டாலே எனக்குத் தலைவலி போயிடுது, பேயும் போயிடுது. நீங்க கிளம்பினதும் ரெண்டும் திரும்பி வந்துடுது. ஆஸ்பத்திரி வாசல்ல கால் வச்சதும் புள்ளைக்கு இருமல் நிக்கிற மாதிரி."

டெரன்ஸ் ஒன்றும் சொல்லவில்லை. குரு என்றால் அப்படித்தான். மேஜையில் கிடந்த ஆவுடையப்பன் சாரின் சொந்தக் கார்டில் மிஞ்சிய ஒன்றை எடுத்துப் படித்தார். படிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. பெயருக்குப் பின்னால் ஒன்பது பட்டம், அதற்குக் கீழே நாலு பதவி, அதற்கும் கீழே ஒரு தங்க மெடல்.

பிறகு கார்டைத் திருப்பினார். பின்பக்கம் வெள்ளை.

"இந்தப் பக்கம் நல்லா இருக்கு."

"குருஜி?"

"கோயம்புத்தூர்ல வெள்ளிக்கிழமை ஒரு மாநாடு நடக்குதுல்லா? போய்ட்டு வாங்க."

"இன்னொண்ணா? ஐதராபாத்துல வராத பதிலா கோயம்புத்தூர்ல வந்துடப் போகுது?"

"பிளாங்க் ஓட்டாம சாம்பிள் போட்டா என்ன ஆகும், சார்?"

"ரிசல்ட்டை நம்ப முடியாது. இதைப் போய் எங்கிட்டயா கேக்கிறீங்க?"

"அதான்."

"கார்டும் தீந்துபோச்சே..."

"சிம்மக்கல்ல எனக்குத் தெரிஞ்ச பிரஸ் இருக்கு. நானே அடிச்சுத் தாரேன்."

கிளம்பும்போது டெரன்ஸ் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். உள்ளே ஏதோ இருந்தது. போன தடவையும் இப்படித்தான் தொட்டார். குருமார்களுக்கு இப்படி ஏதாவது ஒரு பழக்கம் இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை ஓர் அட்டைப்பெட்டி வந்தது. மேலே டேப் ஒட்டி, "அங்கே போய்ப் பிரிக்கவும்" என்று எழுதியிருந்தது.

இனிமேல் நான் சொல்வது ஆவுடையப்பன் சார் வாயால் கேட்டது. பத்துத் தடவை கேட்டாயிற்று, பத்துத் தடவையும் ஒரே மாதிரிதான் சொன்னார். அதனால் நம்பலாம்.

கோயம்புத்தூரில் குத்துவிளக்கு ஏற்ற முக்கால் மணி நேரம். பொன்னாடை போர்த்த ஒரு மணி நேரம். விஞ்ஞானத்துக்கு இருபது நிமிஷம். பிறகு அட்டவணையில் "நெட்வொர்க்கிங்" என்று போட்டிருந்தது. எல்லாரும் நெட்வொர்க் கிடைக்காமல் ஜன்னலோரமாகப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்களாம்.

பஜ்ஜி வரிசையில் ஆவுடையப்பன் சாருக்கு முன்னால் பேராசிரியர் வேதமாணிக்கம் நின்றார். நாற்பது வருஷமாக இந்தத் துறையில் கொடிகட்டிப் பறக்கிறவர். அவரிடம் ஒரு வார்த்தை பேசினால் போதும் என்று ஊர் ஊராக வருகிறவர்கள் உண்டு.

விடுவாரா நம்ம ஆள்? அவசர அவசரமாகப் பெட்டியின் டேப்பைக் கிழித்து, ஒரு கார்டை உருவி, இரண்டு கையாலும் நீட்டினார்.

பேராசிரியர் வாங்கினார். பார்த்தார். திருப்பிப் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"என்னய்யா இது, ஒண்ணுமே இல்லையே?"

ஆவுடையப்பன் சார் எட்டிப் பார்த்தார். இந்தப் பக்கமும் வெள்ளை, அந்தப் பக்கமும் வெள்ளை. பெட்டிக்குள் பார்த்தார். இருநூறும் வெள்ளை. அடப்பாவி டெரன்ஸ்!

வாயில் வந்தது இதுதான்:

"பிளாங்க், சார்."

பேராசிரியருக்கு நாற்பது வருஷப் பழக்கம். யோசிக்காமல் கேட்டுவிட்டார்.

"பிளாங்க்ல ஏதாவது வருதா?"

நம்ம ஆளுக்கு முப்பது வருஷப் பழக்கம். யோசிக்காமல் சொல்லிவிட்டார்.

"ஏழாவது நிமிஷம் ஒண்ணு வருது, சார்."

சட்னிக் கரண்டி அப்படியே நின்றது. வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. மானம் போச்சு, லைசென்ஸ் போச்சு, பஜ்ஜியும் போச்சு என்று நினைத்தாராம்.

பின்னால் ஒருவர் தொண்டையைச் செருமினார்.

"எங்களுக்குப் பதினொண்ணுல வருது."

அவருக்குப் பின்னால் ஒருவர்: "எங்களுக்கு மூணரை. வெள்ளிக்கிழமை மட்டும்."

பேராசிரியர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்குத் தொண்ணூத்தெட்டாம் வருஷம் ஒண்ணு வந்தது. இன்னிவரைக்கும் என்னன்னு தெரியலை. கட்டுரையில அந்த இடத்தை வெட்டிட்டுத்தான் போட்டேன்."

இவ்வளவையும் கேட்டதில் ஆவுடையப்பன் சாருக்குத் தலை விண்விண்ணென்று தெறித்தது. டப்பாவை எடுத்து நெற்றியில் ஓர் இழு இழுத்தார்.

"ஏனுங்க சார்," என்றது ஒரு குரல்.

காப்பித் தம்ளரோடு ஓர் அம்மா நின்றார். கழுத்து அட்டையில் கோகிலவாணி என்று இருந்தது. மூக்கைச் சுருக்கி ஒரு தடவை மூச்சை இழுத்தார்.

"ஏழாவது நிமிசமுங்களா? எந்தக் கரைசலுங்க? எத்தனை அலைநீளம்?"

சார் சொன்னார்.

அந்த அம்மா பேராசிரியர் கையிலிருந்த வெள்ளைக் கார்டை வாங்கி, பேனாவால் ஒரு கூம்பு போட்டார். வலப்பக்கம் சின்னதாக ஒரு வாலை இழுத்துவிட்டார்.

"இப்படிங்களா?"

"அதேதான்! அப்படியே அச்சு! உங்களுக்கும் இந்தப் பேய் வருதாம்மா?"

"பேயுங்களா? நல்லாச் சொன்னீங்க போங்க! அதைய அளக்கறதுக்குத்தானுங்க எனக்குச் சம்பளம். காலைல ஆறு தடவை, சாயங்காலம் ஆறு தடவை. அது வரலீன்னாத்தான் எங்க மேனேஜர் கத்துவாரு."

"நீங்க எங்க வேலை பாக்குறீங்க?"

"பெருந்துறைங்க. தைலக் கம்பெனி."

அந்த அம்மா மறுபடியும் மூக்கைச் சுருக்கினார்.

"கரைசலை யாருங்க கலக்கறது?"

"நாந்தான். வேற யாரையும் தொடக்கூட விட மாட்டேன்."

"அந்தக் கையிலயேவுங்களா?"

எல்லாரும் அவர் கையைப் பார்த்தார்கள். கை நெற்றியில் இருந்தது.

கோகிலவாணி டப்பாவை வாங்கித் திருப்பி, அடியிலிருந்த நம்பரைப் படித்தார். முகம் மலர்ந்துபோனது.

"இது நான் பாஸ் பண்ணுன பேட்சுங்க, சார். கலப்படம்ங்கிற பேச்சே கெடையாது."

ஊருக்கெல்லாம் சொல்லுமாம் பல்லி, கழனிப்பானையில் விழுமாம் துள்ளி. முதலில் ஆடிட் கடிதத்தைக் கண்டு தலைவலி, பிறகு பேயைக் கண்டு தலைவலி, தலைவலிக்குத் தைலம், தைலக் கையோடு கரைசல், கரைசலில் பேய். கையுறை போடுவார்தான். கையுறையோடுதான் நெற்றியிலும் தேய்ப்பார்! ஆறு வாரமாக இந்தக் கூத்து நடந்திருக்கிறது. எங்களுக்கு அந்த வாசனை மூக்குக்குப் பழகிப்போய், அது சாரின் வாசனை என்றே இருந்துவிட்டோம்.

திங்கட்கிழமை காலையில் பாட்டில்களையெல்லாம் கழுவினோம். டப்பாவை சார் என்னிடம் கொடுத்து, "டிராயர்ல வச்சுப் பூட்டு. நானே கேட்டாலும் குடுக்காதே" என்றார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

டெரன்ஸ் வரும்வரை காத்திருக்கவில்லை; அவர் இருந்தால் பேய் தானாகவே போய்விடுமே! புதுக் கரைசலில் பிளாங்க் ஓட்டினார்கள். முப்பத்திரண்டு பேரும் திரைக்கு முன்னால் நின்றோம்.

ஐந்து நிமிஷம். ஆறு.

ஏழு.

எட்டு.

கோடு படுத்தே கிடந்தது.

ஆவுடையப்பன் சார் வாய்விட்டு அழுதுவிட்டார். நானும் அழுதேன், எனக்கென்ன வெட்கம்? எனக்கு இன்னும் ஏழு வருஷம் சர்வீஸ் இருக்கிறது.

மற்றவர்கள் டீ குடிக்கப் போனபோது டெரன்ஸ் படியேறி வந்தார். சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டார்.

"குருஜி, உங்களுக்கு முதல் நாளே தெரியும், இல்லையா?"

"தெரியாது, சார்."

"சும்மா சொல்லாதீங்க. தைல வாசனை வந்திருக்குமே."

"எனக்கு சைனஸ், சார். காலேஜ்ல இருந்தே மூக்கு வேலை செய்யாது."

"அப்போ ஆறு வாரமா..."

"ஒண்ணும் புரியலை."

சாருக்குச் சுர்ரென்று வந்துவிட்டது.

"ஏய்யா, தெரியலைன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? உன்னைப் போய் குருஜி குருஜின்னு கும்பிட்டுக்கிட்டுக் கிடந்தேனே!"

டெரன்ஸ் பர்ஸிலிருந்து தன் கார்டை எடுத்தார். முதன்மை நிபுணர் என்று கம்பெனி பளபளப்பாக அடித்துக் கொடுத்த கார்டு. அதைத் திருப்பி, வெள்ளைப் பக்கம் மேலே தெரிய, இரண்டு கையாலும் நீட்டினார்.

சார் வாங்கினார். பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"பிளாங்க்ல ஏதாவது வருதா, தம்பி?"

டெரன்ஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எங்கள் லேபில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"வருது, சார்."

"சொல்லு."

"போன மாசம் ஒரு லேப்ல பம்பைக் கழட்டி மாட்டினேன்." சட்டைப் பைக்குள் விரலை விட்டு, ஒரு சின்ன ஸ்க்ரூவை எடுத்து மேஜைமேல் வைத்தார். "இது மிஞ்சிட்டு. எங்க இருந்து வந்ததுன்னு எனக்கு இன்னும் தெரியலை. யார்கிட்டயும் சொல்லலை."

"ஐயோ பாவம். எந்த லேப்?"

டெரன்ஸ் எங்கள் மெஷினைப் பார்த்தார்.

ஆவுடையப்பன் சார் என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார்.

நான் சாவியைக் கொடுக்கவில்லை.