தவசி கழுத்துக்கு ஊசி போட்ட கதை

கழுத்து திரும்பாதவன் பெண் பார்க்கப் போனால் என்ன ஆகும்? சுவரைப் பார்த்துவிட்டு வருவான். மொட்டைப்பனைப்பட்டி தவசிலிங்கத்துக்கு அதுதான் ஆனது. தேங்காய் மூட்டை சுமந்து சுமந்து, ஒரு வருஷமாகக் கழுத்து இடது பக்கமே பிடித்துக்கொண்டது.

"பொண்ணைப் பிடிக்கலன்னா வாயால சொல்லலாம்ல?" என்று ரெண்டு வீட்டில் காபியோடு அனுப்பிவிட்டார்கள். நாளைக்கு மூன்றாவது வீடு. இதுவும் தட்டிப்போனால் அப்புறம் பெண் கொடுக்க ஆளே இல்லை.

தம்பிகள் கொண்டல்சாமியும் வேலாண்டியும், டவுனில் ஊசி குத்தியே தசைவலியைப் போக்கும் டாக்டரம்மாவிடம் அவனைக் கூட்டிப்போனார்கள்.

"அண்ணனுக்கு ஏற்கெனவே ஒரு வலி. ஊசிவலியும் சேர்ந்தா ரெண்டாயிரும்," என்றான் கொண்டல்சாமி. "எனக்கு ஒண்ணுகூட இல்ல. நான் குத்திக்கிறேன்."

"அதான் நியாயம்," என்றான் வேலாண்டி.

உள்ளே போன கொண்டல்சாமியிடம் டாக்டரம்மா கேட்டார். "எங்க வலிக்குது?"

"வெளிய, பெஞ்சில."

அவர் எட்டிப் பார்த்து, தவசியை அழைத்து உட்காரவைத்து, முடி கனத்தில் நாலைந்து ஊசியை இறக்கினார். "கொஞ்ச நேரத்துல வலி ஓடிடும்."

"கதவைத் தொறந்து வைலே, ஓடட்டும்," என்றான் கொண்டல்சாமி.

"வெளிய எத்தனை பேரு உக்காந்திருக்காங்க, யார் மேல ஏறுமோ. ஜன்னலைத் தொறப்போம்ணே. அந்தப் பக்கம் போலீஸ் ஸ்டேஷன், அவங்க தாங்குவாங்க."

கழுத்து இளகிவிட்டது. "இனிமே ஒரே பக்கம் வச்சிருக்காதீங்க. ரெண்டு பக்கமும் மெதுவா திருப்பிக்கிட்டே இருங்க," என்று சொல்லி அனுப்பினார்.

மறுநாள் வள்ளிமயில் காபித் தட்டோடு வந்தாள். தவசிக்குப் பார்த்ததுமே பிடித்துப்போயிற்று.

"பொண்ணு புடிச்சிருக்கா மாப்பிள்ளை?" என்றார் அவள் அப்பா சங்கையா.

வெட்கத்தில் தவசி வாயைத் திறக்கவில்லை. தலை மட்டும் இடது, வலது, இடது, வலது.

சங்கையா முகம் சுருங்கியது. "வேண்டாம்ங்கிறாரே."

"நிறுத்துண்ணே," என்று கிசுகிசுத்தான் வேலாண்டி.

"நிறுத்தினா மறுபடி பிடிச்சுக்கும்லே. அப்புறம் சுவத்தைத்தான் கட்டிக்கணும்," என்றான் தவசி.

தம்பிகள் ஓரமாகப் போய்க் கூடிப் பேசினார்கள்.

"குறுக்க ஆடினா வேண்டாம். மேலயும் கீழயும் ஆடினா சம்மதம்."

"அப்ப தலையை விட்ருவோம்ணே. ஆளைத் திருப்புவோம்."

அண்ணனை அலாக்காகத் தூக்கிப் பாயில் ஒருக்களித்துப் படுக்கவைத்தார்கள். தலை அழகாக மேலும் கீழும் ஆடியது.

"இப்ப பாருங்க மாமா. சம்மதம்."

பெண்ணைப் பெற்றவர், அவசரப்பட முடியுமா? சங்கையா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, துண்டை விரித்து, மாப்பிள்ளைக்கு முகத்துக்கு முகம் நேராகத் தானும் ஒருக்களித்துப் படுத்தார். ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தார்.

"இல்லையேப்பா. இப்பவும் வேண்டாம்னுதான் சொல்றாரு."