ஐந்தோடு நிறுத்திய செம்பி

காட்டாறு வற்றிப்போன ஒரு கோடையில், கொம்பன் யானைதான் எல்லோருக்கும் தண்ணீர் காட்டியது. ஆற்று மணலைக் காலால் கிளறி, தும்பிக்கையால் அள்ளிப் போட்டு ஓர் ஊற்றுத் தோண்டியது. முயல், நரி, மான் எல்லாம் முறைவைத்துக் குடித்தன. ஊற்றுக்குள் மட்டும் யாரும் இறங்கக் கூடாது. இறங்கினால் கரை சரிந்து ஊற்று மூடிவிடும். இருந்த சட்டமே அது ஒன்றுதான்.

அந்த ஒன்றையும் மான் கூட்டத்தால் காப்பாற்ற முடியவில்லை. ஒருநாள் மதியம் தாகம் தாங்காமல் இரண்டு ஆண் மான்கள் உள்ளே குதித்தன. அதைப் பார்த்து மற்றவையும் முண்டியடித்துக்கொண்டு இறங்கின. ஊற்று மண்மூடிப் போயிற்று.

கொம்பன் வந்து பார்த்தது. மறுபடி தோண்டியது. தோண்டி முடித்ததும் சொன்னது.

"இனிமே மான் ஒண்ணுகூட இதுல வாய் வைக்கக் கூடாது. வேற தண்ணி பாத்துக்குங்க."

வேறு தண்ணீர் மலைக்கு அந்தப் பக்கம், இரண்டு நாள் நடை.

அந்தக் கூட்டத்தில் செம்பி என்றொரு பெண் மான் இருந்தது. அது குட்டி போட்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தது. குட்டியைக் கோரைப் புல்லுக்குள் படுக்கவைத்திருந்தது. இரண்டு நாள் நடக்க அந்தக் குட்டிக்கு எங்கே தெம்பு இருக்கிறது? தண்ணீர் இல்லாமல் செம்பிக்குத்தான் எப்படிப் பால் சுரக்கும்?

செம்பி கொம்பன் முன்னால் போய் நின்றது.

"ஐயா, ஊத்துல இறங்காதவங்களும் எங்க கூட்டத்துல இருக்காங்க. அவங்க என்ன பாவம் பண்ணாங்க? இருபது பேர் இறங்காம இருந்திருந்தா?"

"இருபது பேர் இருந்தா எல்லாரையும் விட்டுடறேன்."

"கோவிச்சுக்காதீங்க ஐயா. பத்துப் பேர்தான் தேறுனா?"

"பத்துப் பேருக்காகவும் விடறேன்."

"இன்னும் ஒரே ஒரு வார்த்தை. அஞ்சு?"

கொம்பன் காதை விசிறியது. "சரி, அஞ்சு பேரைக் காட்டு."

யானையிடம் மூன்று முறைக்கு மேல் கேட்கக் கூடாது என்பது மான்களின் வழக்கம். யார் ஏற்படுத்தியது, எதற்கு ஏற்படுத்தியது என்று எந்த மானுக்கும் தெரியாது. ஊற்றின் சட்டத்தை ஒரே மதியத்தில் காற்றில் விட்ட கூட்டம், இதை மட்டும் பொத்திப் பொத்திக் காப்பாற்றி வந்தது. செம்பி தலை குனிந்து திரும்பியது.

மான்கள் எண்ணிப் பார்த்தன. கண் தெரியாத கிழமான் இறங்கவில்லை. கால் ஒடிந்த மான் ஒன்று இறங்கவில்லை. செம்பி அப்போது பால் கொடுக்கப் போயிருந்தது. அப்புறம், புல்லுக்குள் கிடந்த குட்டி. ஆக நான்கு. ஐந்தாவது யாராவது உண்டா என்று செம்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்தது. எல்லாம் தரையைப் பார்த்தன.

"இன்னொரு தடவை போய்க் கேளேம்மா" என்றது கிழமான்.

"நாலாவது தடவையா? மிதிச்சே போட்டுடுவாரு" என்றன மற்றவை.

செம்பிக்கும் பயம். போகவில்லை.

கூட்டம் மலையைப் பார்த்துக் கிளம்பியது. செம்பி குட்டியோடு அங்கேயே தங்கியது. இரண்டாம் நாள் மடி வற்றிவிட்டது. குட்டி வெறும் மடியை முட்டி முட்டிப் பார்த்தது. பிறகு முட்டுவதையும் விட்டுவிட்டது. மூன்றாம் நாள் காலையில் அது எழுந்திருக்கவில்லை. செம்பி அதை நக்கிக்கொண்டே இருந்தது. அந்த வேதனையை இதற்கு மேல் சொல்ல மனம் வரவில்லை.

அந்த வழியாகக் கொம்பன் வந்தது. குட்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"அஞ்சோட ஏன் நிறுத்தின? நாலுன்னு கேட்டிருந்தா விட்டிருப்பேனே. ஒண்ணுன்னு கேட்டிருந்தாலும் விட்டிருப்பேன்."

செம்பி நிமிர்ந்து பார்த்தது. இப்போது அதற்குப் பயமே இல்லை. பயப்பட இனி என்ன இருக்கிறது?

"நாலு பேர் இறங்கலைன்னு உங்களுக்குத் தெரியுமா, ஐயா?"

"தெரியும். மணல்ல எல்லாருடைய குளம்படியும் இருந்துச்சு, உங்க நாலு பேரோடதைத் தவிர."

"தெரிஞ்சுமா நான் வந்து கேக்கணும்னு காத்திருந்தீங்க?"

கொம்பன் திரும்பி நடந்தது. ஊற்றுக்குப் போய்த் தும்பிக்கை நிறையத் தண்ணீர் கொண்டுவந்தது. குட்டியின் வாயில் மெல்ல விட்டது. தண்ணீர் வழிந்து மண்ணுக்குள் போயிற்று.

குற்றமில்லாதவர் யார் என்று தெரிந்திருந்தும், அவருக்காக யாராவது வந்து கெஞ்சட்டும் என்று காத்திருப்பவர் எவ்வளவு பெரியவரானாலும், அவர் வழங்குவது நீதி ஆகாது.