பசித்த ராஜாவும் பொருள்நோக்கு மந்திரியும்

யானைக்குத் தண்ணீர் காட்டக்கூடக் கம்ப்யூட்டர் வைத்த அரண்மனை ஒன்று இருந்தது. நம்பாதவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். அங்கே சமையல்கட்டு புரோகிராமை எழுதியவள் வடிவாம்பாள். முதலில் இது, அடுத்து அது என்று படிப்படியாகச் சொல்லும் பழைய மொழியில் எழுதியிருந்தாள்.

சீமைக்குப் போய் வந்த மந்திரி அகண்டபூபதி சீறினார்: "பொருள்நோக்கு மொழிக்கு மாற்றடி! அதில் பானைக்குப் பானையின் வேலை தெரியும், அடுப்புக்கு அடுப்பின் வேலை தெரியும். முதலில், அடுத்து என்று ஒரு வரி இருந்தாலும் உனக்கு வேலை போச்சு!"

"உத்தரவுங்க" என்று சொல்லி வடிவாம்பாள் அப்படியே எழுதினாள்.

மத்தியானம் ராஜா இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். எதுவும் அசையவில்லை. அவர் தொடை ஆடியது, விரல் தாளம் போட்டது. "சோறு எங்கே?"

"மகாராஜா, பானை, அடுப்பு, கரண்டி எல்லாமே கெட்டிக்காரர்கள். பானையை மாற்றினாலும் அடுப்பைத் தொட வேண்டாம், அவ்வளவு சௌகரியம். ஆனால் யாராவது கூப்பிடட்டும் என்று காத்திருக்கிறார்கள். கூப்பிடும் வரிசையைத்தான் எழுதக் கூடாதென்று மந்திரியின் உத்தரவு" என்றாள் வடிவாம்பாள்.

ராஜா வாளைத் தேடினார். மந்திரி அலறினார்: "அடியே, முதலில் அடுப்பை மூட்டு! அடுத்து பானையை ஏற்று! கொதித்ததும் அரிசியைப் போடு!"

அவர் சொல்லச் சொல்ல வடிவாம்பாள் தட்டிக்கொண்டே போனாள். அடுப்பு குபீரென்று பற்றியது.

"இதைத்தானே ஐயா நான் முன்னாடியே எழுதியிருந்தேன்?"

மந்திரி அரிசியோடு நிறுத்திக்கொண்டார்.

"அவள் வேலை அவளுக்கே" என்றார் ராஜா. "மந்திரியாரே, நீர் ஏன் நிறுத்திவிட்டீர்? குழம்பு இன்னும் வரவில்லையே!"