விழுது ஓடின பக்கம்

ஒரு தீவுல மாராயின்னு ஒருத்தி இருந்தா. சுத்தியும் கடலு, கிழக்க ஒரு மலை, கரையோரமா கொஞ்சம் வீடு. அந்தத் தீவு அப்பப்ப ஆடும். தடதட தடதடன்னு அடுப்புல இருக்குற சட்டியெல்லாம் உருளும். எங்க, ம் சொல்லு. சொன்னாத்தான் மேல சொல்லுவேன்.

அந்த ஊர்ல ஒரு வழக்கம். மரக்கிளையில கயிறு கட்டி ஒரு கல்லைத் தொங்கவிட்டிருப்பாங்க. தரை ஆடினா எல்லாரும் அங்க ஓடிவந்து நிக்கணும். கல்லு முதல்ல எந்தப் பக்கம் ஆடுதோ, அந்தப் பக்கம் தரையை ஆட்டுற பூதம் கிடக்குன்னு அர்த்தம். அதைப் பார்த்துச் சொல்றவதான் மாராயி. அவ வாயைத் திறக்குற வரைக்கும் ஒருத்தரும் காலை எடுத்து வைக்கக் கூடாது.

அப்போ ஒரு நாள் தடதடன்னு ஆடுச்சு. கல்லு வடக்கும் தெக்குமா விசுக் விசுக்குன்னு ஆடுச்சு. அப்புறம் கொஞ்சம் பொறுத்து, கிழக்கும் மேற்குமா ஒரு ஆட்டம்.

"வடக்க கிடக்கு"ன்னா மாராயி.

"பின்னால ஒரு ஆட்டம் வந்துச்சே, அத்தே?"ன்னு கேட்டா முத்துக்கிளி. அவ மாராயி மகன் காத்தமுத்துவோட பெண்டாட்டி.

"அது வாலை ஆட்டுதுடி, பேசாம இரு."

சரின்னு ஊரே வடகரையை விட்டுட்டுத் தென்கரைக்குப் போச்சு. கல்லையும் கழட்டி எடுத்துக்கிட்டாங்க. ம்?

அப்புறம் ரெண்டாவது தடவை ஆடுச்சு. அதே மாதிரி முதல்ல வடக்கும் தெக்கும், அப்புறம் கிழக்கும் மேற்கும். "அடப் பாவி, தெக்க வந்துட்டானே! மேற்க இருக்குற மேல்கரைக்குப் போயிடுவோம்"னா மாராயி. மறுபடியும் மூட்டை முடிச்சு. முத்துக்கிளிக்கு அப்போ வயிறு தள்ளிக்கிட்டு நிக்குது, மூச்சு வாங்குது. அவளும் நடந்தா.

மேல்கரைக்கு வந்த வாரமே, முத்துக்கிளி அம்மியில மிளகா அரைச்சுக்கிட்டிருந்தா. கரக் கரக். திடீர்னு கையை நிறுத்திட்டா.

"அத்தே, இங்க பாருங்க. நான் குழவியைத் தள்ளுறது முன்னால. விழுது பிதுங்குறது ரெண்டு பக்கமும்."

"அதுக்கென்ன இப்போ?"

"கிழக்க தரை மலையா மேல எழும்பி நிக்குது, அப்போ தள்ளு மேற்க இருந்துதானே வரணும்? மேற்க இருந்து கடலோட தரை நம்ம தீவுக்கு அடியில புகுந்து போகுதுன்னு வைங்க. அடியில இருக்குற கல்லு நசுங்கி எந்தப் பக்கம் பிதுங்கும்? வடக்கும் தெக்குமாத்தானே? அதோட நாரும் அப்படித்தானே ஓடும்?"

"கல்லுக்கு ஏதுடி நாரு?"

"விறகுக்கு இருக்கே. நாரோட பொளந்தா சடக்குனு போகுது. குறுக்க வெட்டினா மல்லுக்கட்டுது. அடியில இருந்து வர்றது ஒரே ஆட்டம்தான் அத்தே. நாருல பட்டு ரெண்டாப் பிரியுது. நாரோட வர்றது முந்திக்குது, குறுக்க வர்றது பிந்துது. நம்ம கல்லு காட்டுறது விழுது ஓடுற பக்கத்தை. தள்ளுறவன் மேற்க இருக்கான். நாம அவன் வாசல்லயே வந்து குடியேறிட்டோம்."

மாராயிக்குப் புரிஞ்சு போச்சு. ஆனா ஊரை ரெண்டு தடவை கிளப்பிவிட்டவ, எப்படிப் போய் நான் சொன்னது தப்புன்னு சொல்லுவா?

"பிரசவம் முடியட்டும், பார்த்துக்கலாம். அதுவரைக்கும் யார்கிட்டயும் உளறி வைக்காத"ன்னுட்டா. எனக்கு அவ மேல வர்ற கோவத்துக்கு அளவே இல்ல. ம்? தூங்கிட்டியா? சரி, கேளு.

அப்புறம் மூணாவது தடவை. காத்தமுத்து தொட்டில் கட்டக் கம்பு வெட்டன்னு மலைக்குப் போயிருந்தான். தடதடதடதடன்னு ஆடுச்சு பாரு, நின்னவங்க எல்லாம் விழுந்தாங்க. கல்லு வடக்கும் தெக்குமாப் பேயா ஆடுச்சு. கடலு ஸ்ஸ்ஸ்னு உள்ள போச்சு. மணல்ல மீனெல்லாம் துள்ளுது. ஊரே மாராயி வாயைப் பார்த்துக்கிட்டு நிக்குது.

அவ வாய் திறக்கல. கல்லைப் பார்த்தா, கடலைப் பார்த்தா, மருமகளைப் பார்த்தா. முத்துக்கிளி வயித்தைப் பிடிச்சுக்கிட்டு, "சொல்லுங்க அத்தே"ன்னா.

அப்போதான் கத்தினா. "கிழக்க ஓடுங்க! மலைக்கு ஓடுங்க!"

ஓட முடிஞ்சவங்க ஓடினாங்க. முத்துக்கிளியால முடியல. மாராயி அவ கையைப் பிடிச்சு இழுத்தா. ஹோன்னு கடலு வந்துச்சு. கை நழுவிப் போச்சு.

தண்ணி வடிஞ்சப்புறம் காத்தமுத்து இறங்கி வந்தான். ஒரு மரத்தைக் கட்டிக்கிட்டுக் கிடந்தா மாராயி. தப்பிச்சவங்க எல்லாத்தையும் அவன்கிட்ட சொல்லியிருந்தாங்க.

"கல்லு வடக்கும் தெக்கும்தானே ஆடுச்சு? கிழக்க ஓடணும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"முத்துக்கிளி சொன்னா."

"எப்போ?"

"இங்க வந்த வாரமே."

அவன் அவளைக் கைத்தாங்கலா மலைக்குக் கூட்டிக்கிட்டுப் போனான். குடிசை போட்டுக் கொடுத்தான். அவ சாகுற வரைக்கும் சோறு போட்டான். ஆனா அம்மான்னு மட்டும் அப்புறம் கூப்பிடவே இல்ல.

அவ்வளவுதான், கதை கரை சேர்ந்துடுச்சு. போர்வையை இழுத்துக்கோ, கண்ணை மூடு.