பெயர் சொல்லாமல் பிறந்த பிள்ளை

பாம்பும் பறவையும் மனிதரோடு பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், குழந்தைகள் பெரிய தாடையோடும் வாய் நிறையப் பல்லோடும் பிறந்தன. பிறந்ததும் தங்கள் பெயரைத் தாங்களே சொல்லும். சில பிள்ளைகள் அதோடு நிற்காமல், வெயில் அதிகம் என்று குறையும் சொல்லும். பெயர் சொல்லாத பிள்ளையைக் காட்டோரம் விட்டுவிடுவது அந்தக் கூட்டத்தின் வழக்கம்.

ஆனால் அந்தப் பல்லுக்குப் பயந்து எந்தத் தாயும் பால் கொடுக்கவில்லை. கிழங்கும் கறியும் செரிக்காமல் பல பிள்ளைகள் வாடிச் செத்தன. கொற்றி என்பவள் அப்படி இரண்டு பிள்ளைகளைப் புதைத்திருந்தாள். மூன்றாவது வயிற்றில் இருந்தது.

ஒருநாள் மலைப்பாம்பு ஒன்று வாயை அகல விரித்து முயலை விழுங்குவதைப் பார்த்தாள்.

"உன் தாடை மட்டும் எப்படி இப்படி விரியுது?"

"நடுவுல ஒட்டாத ரெண்டு துண்டு அது" என்றது பாம்பு.

"என் பிள்ளைக்கும் அப்படியே கொடு. பல் வெளிய தெரியாம, சின்னதா."

"தரலாம். பால் குடிக்கக் குடிக்க வளரும். ஒட்டறதுக்கு ஒரு வருஷம் ஆகும். அதுவரைக்கும் பேச்சு வராதே, பரவாயில்லையா?"

கொற்றி யோசித்தாள். பேசாவிட்டால் காட்டோரம், பேசினால் பட்டினி. கண்ணை மூடிக்கொண்டு வயிற்றைக் காட்டினாள். பாம்பு ஒருமுறை சுற்றி இறங்கிப் போனது.

பிள்ளை பிறந்தது. மோவாய் உள்ளடங்கி, பொக்கை வாயோடு அழ மட்டும் செய்தது. தலைவன் சாத்தன் வந்து குனிந்தான். "உன் பேர் என்னடா?"

"முல்லன்" என்றாள் கொற்றி.

"நீ சொன்னா எப்படி?"

"என் பாலில்தான் அவன் வாய் வளரணும். அதுக்கு ஒரு வருஷம் ஆகும். அதுவரைக்கும் என் வாய்தான் அவன் வாய்."

சாத்தன் பிள்ளையின் பொக்கை வாயை இன்னொரு முறை பார்த்தான். "ஒரு வருஷம் பார்ப்போம்" என்று போய்விட்டான்.

முல்லன் சப்பிச் சப்பிக் குடித்தான். மோவாய் மெல்ல முன்னே வந்தது, துண்டுகள் ஒட்டின, கீழே இரண்டு பல் எட்டிப் பார்த்தன. வருடம் முடிந்ததும் கூட்டம் கூடியது. கொற்றி முல்லனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"இப்பச் சொல்லு, உன் பேர் என்ன?" என்றான் சாத்தன்.

முல்லன் அவனைப் பார்க்கவே இல்லை. கொற்றியின் பக்கம் திரும்பி, "அம்மா" என்றான்.

சாத்தன் சிரித்துவிட்டான். காட்டோரம் விடும் பேச்சை அதன்பின் யாரும் எடுக்கவில்லை. மற்றத் தாய்மாரும் பாம்பிடம் போய் வயிற்றைக் காட்டினார்கள்.

அன்று தொடங்கித்தான் பிள்ளைகள் ஒட்டாத சின்னத் தாடையோடு பிறந்து, பால் குடித்து அதை வளர்க்கிறார்கள். அவர்களுக்கு நாம் பெயர் வைக்கிறோம், வாய் வந்ததும் அவர்கள் அம்மாவைத்தான் கூப்பிடுகிறார்கள்.