வாட்டத் தவறிய எஃகு

"இதுல என்ன குறை மேடம்? நீங்களே சொல்லுங்க" என்றார் பொன்னுரங்கம்.

அவர் கையில் இருந்தது விமானத்தின் சக்கரக் காலில் மாட்டும் எஃகுத் தண்டு. புதிதாகக் குரோமிய முலாம் போட்டது. அதில் முகம் பார்த்துத் தலை வாரலாம்.

ரெஜினா வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு குறையும் தெரியல" என்றார்.

"அப்புறம் ஏன் அனுப்ப மாட்டேங்கறீங்க?"

மோட்டார் சைக்கிள் சாமான்களுக்கு முலாம் போட்டே தலை நரைத்தவர் பொன்னுரங்கம். விமான வேலை பழக வந்த இடத்தில், அவரைவிடப் பதினைந்து வயது சின்னவரான ரெஜினா அவருக்குக் குருவாக வாய்த்தார். அதில் அவருக்கு மனத்தாங்கலே இல்லை என்று சொன்னால் அது பொய்.

தண்டு துருவேறாமல், தேயாமல் பல வருடம் உழைக்கத்தான் முலாம். ஆனால் முலாம் தொட்டியில் கிடக்கும்போதே ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்துகொள்ளும். எடுத்த கையோடு ஓவனில் வைத்து வாட்டினால் வெளியேறிவிடும். தாமதித்தால் எஃகைக் கெடுத்துவிடும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பாரம் தாங்கிக்கொண்டிருக்கும்போது, என்றைக்கோ ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் முறியும்.

முந்தின நாள் ஒரு லாட், அதாவது ஒரு பெட்டி நிறையத் தண்டுகளை, தொட்டியிலிருந்து எடுத்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. ஜெனரேட்டரில் டீசல் இல்லை. அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் பொன்னுரங்கம்தான். கரண்ட் திரும்பியபோது விடிந்துவிட்டது.

"வந்ததும் வாட்டிட்டேன் மேடம். எப்பவும் வாட்டறதைவிட அதிக நேரம்."

"லேட்டா வாட்டினா சரியாயிடுமா?"

"ஆயிடும். என் அனுபவத்துல சொல்றேன்."

"நிச்சயமா?"

"நிச்சயமா. இந்த லாட் நின்னா என் வேலை போயிடும் மேடம். ரெண்டு பொண்ணுங்க காலேஜ்ல படிக்குது."

ரெஜினா தண்டைக் கொண்டுபோய்க் கிரேன் சங்கிலியில் கோத்தார். அதிலிருந்து ஒரு பெரிய இரும்புக் கட்டையைத் தொங்கவிட்டு மேலே தூக்கினார். மொத்தப் பாரமும் அந்த ஒரு தண்டின் மேல் நின்றது.

பிறகு ஒரு நாற்காலியை இழுத்துக் கட்டைக்கு நேர் கீழே போட்டு உட்கார்ந்தார். டிபன் பாக்ஸைத் திறந்தார். தயிர்சாதமும் எலுமிச்சை ஊறுகாயும்.

"என்ன மேடம் விளையாட்டு இது?"

"பசிக்குது. சாப்பிடறேன்."

"வேற எங்கயாவது உட்காருங்க."

"ஏன், இங்க என்ன குறை?"

பொன்னுரங்கம் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

கட்டை அசையாமல் தொங்கியது. ரெஜினா ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு நிதானமாகச் சாப்பிட்டார்.

"பயமா இருக்கு மேடம். எழுந்து வாங்க."

"இன்னும் கொஞ்சம் இருக்கு."

"எழுந்து வாங்கம்மா. கையெடுத்துக் கும்பிடறேன்."

ரெஜினா எழுந்து வந்து கை கழுவினார்.

பொன்னுரங்கம் பெட்டியை இழுத்து வந்தார். மீதித் தண்டுகளை எடுத்து, உடைசலுக்குப் போகும் தொட்டியில் போட்டார். ஒவ்வொன்றும் விழுந்த சத்தம் அவர் நெஞ்சில் விழுந்தது. வேலை போனது போனதுதான் என்று அவருக்குத் தெரியும்.

"வீட்டுக்குப் போங்க. முதலாளிகிட்ட நான் பேசறேன்" என்றார் ரெஜினா.

அவர் போகவில்லை. காலியான பெட்டியைப் பிடித்தபடி நின்றார்.

"இன்னும் என்ன?"

"போன மாசமும் ஒரு தடவை கரண்ட் போச்சு மேடம்."

ரெஜினா கை துடைப்பதை நிறுத்தினார்.

"அந்த லாட் எங்கே?"

"விமானத்துல மாட்டிட்டாங்க. இந்நேரம் அதுல ஆளுங்க உட்கார்ந்திருப்பாங்க."