யார் முதலில் பேசுவது

"ஏன் ஐயா, எப்பவும் அவனே முதல்ல பேசணும்?"

இந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தாண்டவமூர்த்தி இரண்டு வருஷம் காத்திருந்தார்.

குரு மறைக்காடர் அவித்த பனங்கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்தார்.

"வயசுல சின்னவன். பதவிக்கு வந்தது எனக்கு அப்புறம். உங்ககிட்டச் சட்டம் படிக்க வந்ததும் எனக்கு ஒன்பது வருஷம் அப்புறம்தான்."

"அதனாலதான் அவன் முதல்ல பேசுறான்," என்றார் குரு.

"புரியலை ஐயா."

"நீ பேசி முடிச்சப்புறம் அவன் வாயைத் திறப்பானா?"

தாண்டவமூர்த்தி கால் மாற்றி நின்றார்.

"நான் பேசி முடிச்சப்புறம் நீதான் திறப்பியா?"



அந்த மாகாணத்தில் ஒன்பது மாவட்டங்கள். அங்கெல்லாம் தோற்றுப்போனவர்கள் கடைசியாக ஏறிவருகிற படி, மேல்முறையீட்டு நீதிமன்றம். அங்கே சாட்சிக் கூண்டு கிடையாது. புதிதாக ஒரு துண்டுக் காகிதம்கூடக் கொடுக்க முடியாது. கீழ்க் கோர்ட்டில் யார் என்ன சொன்னார்கள் என்பதையெல்லாம் எழுதி, எண் போட்டு, நாடா கட்டி ஒரு கட்டாக அனுப்புவார்கள். நீதிபதிகள் அதைப் படித்துத்தான் முடிவுக்கு வரவேண்டும்.

ஒரு வழக்குக்கு மூன்று நீதிபதிகள். வக்கீல்கள் பேசி முடித்ததும் மூவரும் பின்கட்டில் இருக்கிற சின்ன அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். இளையவர் முதலில் முடிவைச் சொல்வார். எந்தப் பக்கத்தைப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தார் என்று எடுத்துக் காட்டவும் வேண்டும். அடுத்தவர் ஒத்துப்போகலாம், மறுக்கலாம். தலைவர் கடைசியில் பேசுவார்.

தலைவர், மறைக்காடர். இளையவன், நல்லசிவன். நடுவில் தாண்டவமூர்த்தி.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். தாண்டவமூர்த்தியைக் கேட்டால் தனக்கு அந்த இடிகூடக் கிடைக்கவில்லை என்பார். அவரை யாரும் தட்டிப் பார்த்ததே இல்லை.

நல்லசிவன் பேசும்போது குரு கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். தாண்டவமூர்த்தி ஆரம்பித்ததும் கண்ணைத் திறந்து ஜன்னலைப் பார்ப்பார். ஒருநாள் நல்லசிவன் பேசி முடித்ததும், குரு தான் தின்றுகொண்டிருந்த பனங்கிழங்கில் பாதியைப் பிட்டு அவனிடம் நீட்டிவிட்டார்.

அரைப் பனங்கிழங்கு. தாண்டவமூர்த்திக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

அதற்கப்புறம் நல்லசிவன் 'உண்டு' என்றால் இவர் 'இல்லை' என்றார். அவன் 'இல்லை' என்றால் இவருக்கு 'உண்டு'. முதல் மாசம் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. கொஞ்ச நாளில் கட்டைப் படிப்பதே வீண்வேலை என்று பட்டது. அவன்தான் விழுந்து விழுந்து படித்துவிட்டு வருகிறானே, அவன் காட்டுகிற பக்கத்தில் ஒரு ஓட்டையைத் தேடினால் போதாதா?

குரு பெரும்பாலும் இளையவன் பக்கமே சாய்ந்தார். மூன்றில் இரண்டு பேர் சொல்வதுதான் தீர்ப்பு. ஆகவே தன் மறுப்பால் யார் குடியும் கெடவில்லை என்று தாண்டவமூர்த்தி மனசைத் தேற்றிக்கொண்டார். வயிறு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது.

"சரி," என்றார் குரு. "நாளைக்கு நீ முதல்ல பேசு."

தாண்டவமூர்த்திக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை.

"நிஜமாவா ஐயா?"

"நாளைக்கு நீங்க ரெண்டு பேருதான் உட்காரப் போறீங்க. நான் உட்காரக் கூடாது."

"ஏன் ஐயா?"

"கழிமுகம் மாவட்டத்துல நான் இருந்தப்போ எழுதின தீர்ப்பு அது. எழுதினவனே மேல வந்து உட்கார்ந்து அதைச் சரி பார்க்க முடியுமா?"

"முடியாதுதான்."

"ரெண்டு பேரும் தப்புன்னு சொன்னாத்தான் அது விழும். ஒருத்தர் சரின்னு சொன்னாலும் நிக்கும். ஞாபகம் இருக்கட்டும்."

தாண்டவமூர்த்தி குரலைத் தாழ்த்தினார்.

"அது சரியான தீர்ப்புதானே ஐயா?"

குரு பனங்கிழங்கு முழுவதையும் வாய்க்குள் திணித்துக்கொண்டார். வாய் நிறைய இருக்கும்போது யாரால் பேச முடியும்?

தாண்டவமூர்த்திக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்தார். நல்லசிவன் நேர்மைப் புலி. குருவின் தீர்ப்பு என்றும் பார்க்கமாட்டான், குறை சொல்லிவிடுவான். அவன் சொல்லட்டும். 'சரி' என்று தான் ஒருவர் சொன்னால் போதும், தீர்ப்பு நிற்கும். குருவின் பெயரைக் காப்பாற்றியது யார், கவிழ்க்கப் பார்த்தது யார் என்று நாளைக்கு ஊரே பேசும்.

அப்புறம் பனங்கிழங்கு யாருக்கு என்று பார்த்துவிடலாம்.

மறுநாள் வழக்கு வந்தது.

முத்திருளன், கழிமுகத்துத் தோணிக்காரன். மீன் ஏலக்காரரின் கொட்டகைக்குத் தீ வைத்தான் என்பது குற்றம். தீயில் காவல்காரர் ஒருவருக்கு இரண்டு காலும் போயிற்று. பார்த்ததாக ஒரே ஒரு சாட்சி. தண்டனை பத்து வருஷம். அதில் மூன்று வருஷத்தை ஜெயிலில் கழித்துவிட்டான்.

அவன் பெண்டாட்டி பேச்சி இரண்டு பஸ் மாறி வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வக்கீல்கள் பேசிய இங்கிலீஷ் ஒன்றும் அவளுக்குப் புரியவில்லை. நீதிபதிகள் எழுந்து உள்ளே போகும்போது கதவோரம் நின்ற டவாலிச் சேவகரைக் கேட்டாள்.

"இதுல எந்த ஐயா சொன்னா நடக்கும்?"

"ரெண்டு பேரும் சொல்லணும் தாயி. ஒருத்தர் மாட்டேன்னாலும் போச்சு."

தாண்டவமூர்த்தி காதில் அது விழத்தான் செய்தது. கேட்காதவர்போல நடந்தார்.

அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மூன்று நாற்காலி, ஒரு மேசை. குருவின் நாற்காலி காலியாக இருந்தது.

நல்லசிவன் பேனா மூடியைக் கழற்றினான்.

"சொல்லுங்கண்ணே. பக்க எண்ணைக் குறிச்சுக்கிறேன்."

பக்க எண்ணா?

தாண்டவமூர்த்திக்கு அப்போதுதான் சுரீர் என்றது. முதலில் பேசுகிறவர் பக்கத்தைக் காட்ட வேண்டும். அவர் எதிரில் இருந்த கட்டில் நாடா போட்டது போட்டபடி இருந்தது.

நல்லசிவன் முகத்தைப் பார்த்தார். இவன் என்ன நினைக்கிறான் என்று தெரிந்தால் போதும், பத்து நிமிஷம் விடாமல் பேசிவிடலாம். அந்த முகத்தில் ஒன்றும் இல்லை. பேனாவைப் பிடித்துக்கொண்டு பாடம் கேட்கிற பிள்ளைபோல உட்கார்ந்திருந்தான்.

அவன் சொன்னால்தான் தனக்கு அபிப்பிராயம் என்று ஒன்று வரும். அவன் சொல்லாவிட்டால் தன்னிடம் ஒன்றுமே இல்லை. தாண்டவமூர்த்திக்கு அவமானத்தில் காது சுட்டது.

"கொஞ்சம் பொறு. ஒரு தடவை பார்த்துக்கிறேன்."

"பாருங்கண்ணே. ஒண்ணும் அவசரம் இல்லை."

நாடாவை அவிழ்த்தார்.

குருவுக்குச் சாதகமாக ஒரு வரி வேண்டும், அவ்வளவுதானே. பதினேழாம் பக்கத்திலேயே கிடைத்துவிட்டது. சாட்சி சொல்கிறான்: 'படித்துறையில் துணி அலசிக்கொண்டிருந்தேன். அங்கிருந்தபடியே முத்திருளன் கொட்டகைக்குத் தீ வைப்பதை என் கண்ணால் பார்த்தேன்.'

இது போதும். ஆனாலும் முதன்முதலாகக் கிடைத்த வாய்ப்பு, ஒரு பக்கத்தோடு விட மனசில்லை. சர்வேயர் வரைந்த படம் ஒன்று இருக்கவேண்டுமே, அதையும் சேர்த்துச் சொன்னால் கச்சிதமாக இருக்கும் என்று புரட்டினார். ஐம்பத்தெட்டாம் பக்கம்.

இங்கே படித்துறை. அங்கே கொட்டகை.

நடுவில் ஐஸ் பேக்டரி. இரண்டு மாடி.

மேசையில் கிடந்த ஸ்கேலை எடுத்துப் படித்துறையிலிருந்து கொட்டகைக்கு வைத்துப் பார்த்தார். ஸ்கேல் பேக்டரியின் வயிற்றில் புகுந்து போயிற்று. கொஞ்சம் நகர்த்தி வைத்தார். அப்போதும் பேக்டரிதான். மூன்றாம் தடவை படித்துறையின் கோடிப் படியிலிருந்து வைத்தார்.

பேக்டரி.

ஒருவேளை அதைப் பின்னால் கட்டியிருப்பார்களோ? கீழே சின்ன எழுத்தில் தேதி இருந்தது. தீ வைத்த இரண்டாம் நாள் வரைந்த படம்.

பதினேழாம் பக்கத்தையும் ஐம்பத்தெட்டாம் பக்கத்தையும் ஒருவரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. கீழ்க் கோர்ட்டில் வக்கீல் கேட்கவில்லை. குருவும் கவனிக்கவில்லை. குருவுமா?

பதினேழாம் பக்கத்தை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். தப்பில்லை, அந்த வரியும் கட்டில் இருக்கிறதுதானே. குருவின் தீர்ப்பு நிற்கும். முத்திருளன் இன்னும் ஏழு வருஷம் உள்ளே இருப்பான்.

கதவுக்கு வெளியே யாரோ ஒரு பெண் இருமினாள்.

"எழுதிக்கோ," என்றார் தாண்டவமூர்த்தி. குரல் அவருடையதுபோலவே இல்லை. "பதினேழு. ஐம்பத்தெட்டு. படித்துறையில நின்னா கொட்டகை தெரியாது. சாட்சி பொய். தீர்ப்பு நிக்காது. ஆளை விட்டுடணும்."

நல்லசிவன் குறித்துக்கொண்டான். பேனாவை மூடி வைத்தான்.

குருவின் தலையில் கல்லைப் போட்டுவிட்டோம் என்று தாண்டவமூர்த்தி பதறினார். அதற்குள் இன்னொரு பயம் பிடித்துக்கொண்டது. தான் ஒருவர் சொன்னால் ஆயிற்றா? இவனும் சொல்ல வேண்டுமே. இரண்டு வருஷமாக இவன் வாயைத் திறந்தபோதெல்லாம் குறுக்கே விழுந்திருக்கிறோம். இன்றைக்கு இவன் முறை. ஒரே ஒரு 'இல்லை' சொன்னால் போதும். இவன் இடத்தில் நானாக இருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டார்.

"சொல்லு தம்பி," என்றார்.

அவனை அவர் தம்பி என்று கூப்பிட்டதே இல்லை.

நல்லசிவன் தன் கட்டைத் திறந்து அவர் பக்கமாகத் திருப்பி வைத்தான். ஐம்பத்தெட்டாம் பக்கம். படித்துறையிலிருந்து கொட்டகைக்குப் பென்சிலால் ஒரு கோடு ஏற்கெனவே போட்டிருந்தது.

"எனக்கும் அதேதாண்ணே. விட்டுடலாம்."

தாண்டவமூர்த்தி நாற்காலியில் சாய்ந்தார். இவன் ஒத்துப்போனதில் இவ்வளவு சந்தோஷம் வரும் என்று யாராவது நேற்றுச் சொல்லியிருந்தால் அடிக்கப் போயிருப்பார்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்தப் பென்சில் கோட்டை மறுபடி பார்த்தார்.

"இது எப்போ போட்ட கோடு?"

"முந்தாநாள்."

"முந்தாநாளே தெரியுமா உனக்கு?"

"தெரியும்ணே. தெரிஞ்ச உடனே ஐயாவைப் போய்ப் பார்த்தேன்."

"அவர்கிட்டச் சொல்லிட்டியா?"

"சேச்சே. வழக்கைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. இந்தக் கட்டுக்கு மட்டும் அண்ணன் முதல்ல பேசட்டும்னு கேட்டேன்."



"ஐயா என்ன சொன்னார்?"

"'நாளைக்கு அவனே வந்து கேப்பான், நீ போ'ன்னார்."

"நீ எதுக்குடா அதைக் கேட்டே?"

நல்லசிவன் கட்டை மூடினான். நாடாவைச் சுற்றி முடிச்சுப் போட்டான். அப்புறம் மரியாதை கெடாத குரலில் கேட்டான்.

"நான் முதல்ல 'விட்டுடலாம்'னு சொல்லியிருந்தா, அண்ணே?"